எறியத் தெரிந்த மலைக்கு ஏற்ற ஆட்டம் எது தெரியுமா?

19 வயது. ஒரே ஆட்டத்தில் 19 ஸ்ட்ரைக் அவுட். எதிரணிக்கு ஆட்டம் முழுக்க ஒரு ஹிட்கூடக் கிடையாது! அமெரிக்கக் கல்லூரி பேஸ்பாலில் கடைசி 16 அணிகள் மோதும் ‘சூப்பர் ரீஜனல்’ சுற்றில் அதற்கு முன் எவருமே செய்யாத சாதனை அது. செய்தவர் பெயர் என்ன தெரியுமா? குமார்!

ஆமாம், கொல்லிமலைச் செம்மேட்டுக் கடைத்தெருவில் நின்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்களே, அதே குமார். முழுப் பெயர் குமார் ராக்கர். அம்மா வழித் தாத்தாவும் பாட்டியும் இந்தியாவிலிருந்து அமெரிக்காவில் குடியேறியவர்கள். அப்பா ட்ரேசி ராக்கர் அமெரிக்கக் கால்பந்தில் பெரிய பெயர் வாங்கியவர். 2019 ஜூன் 8 அன்று நாஷ்வில் நகரத்தில், வாண்டர்பில்ட் பல்கலைக்கழக அணிக்காகக் குமார் பந்து எறிந்தார். அதற்கு முந்தைய ஆட்டத்தில் வாண்டர்பில்ட்டை டியூக் பல்கலைக்கழகம் 18–5 என்று துவைத்து எடுத்திருந்தது. இன்னொரு தோல்வி வந்தால் அந்த வருட ஆட்டமே முடிந்தது. அப்படிப்பட்ட நாளில் முதலாமாண்டு மாணவர் ஒருவர் 131 பந்துகளை எறிந்து, 3–0 என்று அணியைக் காப்பாற்றினார்.

கொல்லிமலைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? நிறைய இருக்கிறது. குறி பார்த்து விடுவதையும் எறிவதையும் 2,000 ஆண்டுகளாகக் கொண்டாடிவரும் மலை இது. ஆனால் எறிவதையே உயிராகக் கொண்ட ஆட்டம் ஒன்று இருப்பதும், அதைக் கல்லூரிப் பிள்ளைகள் வருடாவருடம் எப்படி ஆடுகிறார்கள் என்பதும் இந்த மலைப் பிள்ளைகள் பலருக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. சேர வேண்டும் என்பதுதான் என் ஆசை.

முதலில், கிரிக்கெட் மட்டும் தெரிந்தவர்களுக்காக ஒரு நிமிடம். கிரிக்கெட்டில் முழங்கையை மடக்கி எறிந்தால் நடுவர் ‘நோ பால்’ என்பார். பேஸ்பாலில் அப்படி எறிவதுதான் ஆட்டமே! பந்தை எறிபவர் பெயர் பிட்சர். அவர் ஓடி வர மாட்டார். ஒரு சிறு மண்மேட்டில் நின்றபடி, 60 அடி 6 அங்குலம் தள்ளி இருக்கும் இலக்குக்கு எறிவார். பந்து தரையில் படக் கூடாது. பேட்டர் வீசித் தவறவிட்டாலோ, அடிக்க வேண்டிய பந்தை அடிக்காமல் விட்டாலோ அது ‘ஸ்ட்ரைக்’. மூன்று ஸ்ட்ரைக் வாங்கினால் அவுட், அதுதான் ‘ஸ்ட்ரைக் அவுட்’. அடித்துவிட்டு ஓடி, ‘பேஸ்’ என்ற முனையைப் பத்திரமாக எட்டினால் அது ‘ஹிட்’. மூன்று அவுட் ஆனால் இன்னிங்ஸ் முடிந்தது. அப்படி 9 இன்னிங்ஸ், ஆக மொத்தம் 27 அவுட். அந்த 27-ல் 19-ஐத் தன் கையாலேயே எடுத்துவிட்டார் குமார். இப்போது அந்த எண்ணின் கனம் தெரிகிறதா?

இன்னும் ஒன்று கேளுங்கள். மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து பேட்டரை எட்ட ஏறக்குறைய 0.4 நொடிதான் ஆகும். கண் பார்த்து, மூளை முடிவெடுத்து, கட்டை சுழல வேண்டும். எல்லாம் அந்த 0.4 நொடிக்குள்!

மிளகு பறிக்கும்போது தொடங்கி, பலா பழுக்கும்போது முடியும்

அமெரிக்கக் கல்லூரிகளின் பேஸ்பால் பருவம் பிப்ரவரி நடுவில் தொடங்குகிறது. கொல்லிமலையில் மிளகு பறிக்கும் சமயம். முடிவது ஜூன் கடைசியில், சோலக்காட்டுச் சந்தையில் பலாப்பழம் குவியும் சமயம். இடைப்பட்ட நாட்களில் ஓர் அணி எத்தனை ஆட்டம் ஆடும் தெரியுமா? லீக் கட்டத்தில் மட்டும் 56 வரை! வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் ஒரே அணியோடு மூன்று ஆட்டம். நடுவாரத்தில், பெரும்பாலும் செவ்வாய்க்கிழமை, வேறொரு அணியோடு இன்னொன்று. இதற்கு நடுவில் வகுப்புக்கும் போக வேண்டும், தேர்வும் எழுத வேண்டும். வட மாநிலக் கல்லூரிகளின் பாடு இன்னும் கஷ்டம். பிப்ரவரியில் அவர்கள் மைதானத்தில் பனி உறைந்து கிடக்கும். அதனால் முதல் சில வாரங்களுக்குச் சொந்த மைதானத்தையே பார்க்காமல், தெற்கே ஊர் ஊராகப் போய் ஆடிக்கொண்டிருப்பார்கள்.

லீக் முடிந்ததும் முதல் பிரிவின் 300 சொச்சம் அணிகளில் 64 மட்டும் தேர்வாகும். நான்கு நான்கு அணிகளாக 16 ஊர்களில் மோதும். இரண்டு முறை தோற்றால் வெளியே. மிஞ்சும் 16 அணிகள் ஜோடி ஜோடியாக, மூன்றில் இரண்டு வென்றவர் முன்னேறும் சூப்பர் ரீஜனலில் மோதும். மிஞ்சும் எட்டு அணிகள் நெப்ராஸ்கா மாநிலத்து ஒமாஹா நகரத்துக்குப் போகும். ‘காலேஜ் வேர்ல்ட் சீரிஸ்’ அங்கேதான். 1950 முதல் அது ஒமாஹாவில்தான் நடந்து வருகிறது. கல்லூரி ஆட்டக்காரர்களுக்கு அந்த ஊர்ப் பெயரே ஒரு மந்திரம்.

குமார் ஆடிய 2019 பருவத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். டிம் கார்பின் பயிற்சியில் வாண்டர்பில்ட் அந்த ஆண்டு 71 ஆட்டங்கள் ஆடி 59-ல் வென்றது. ஜே.ஜே. பிளெடே என்ற ஆட்டக்காரர் அந்த ஒரே பருவத்தில் 27 ஹோம் ரன், அதாவது வேலி தாண்டும் அடி, விளாசினார். டியூக்கோடு மோதிய மூன்றாவது ஆட்டத்தை 13–2 என்று முடித்துவிட்டு ஒமாஹா போனார்கள். அங்கே இறுதியில் மிச்சிகன் பல்கலைக்கழகம் முதல் ஆட்டத்தை 7–4 என வென்றது. மறுபடியும் தோற்றால் எல்லாம் போச்சு என்ற நிலை. மறுபடியும் பந்து யார் கையில் கொடுக்கப்பட்டது என்று நான் சொல்ல வேண்டுமா? குமார் 11 ஸ்ட்ரைக் அவுட் எடுத்தார், 4–1 வெற்றி. மறுநாள் 8–2. கோப்பை வாண்டர்பில்ட்டுக்கு, தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருது குமாருக்கு!

அந்தக் கைக்கு அதன்பின் வந்த சோதனையையும் சொல்லிவிட வேண்டும். 2021-ல் நியூயார்க் மெட்ஸ் அணி அவரைத் தேர்ந்தெடுத்தது. மருத்துவப் பரிசோதனைக்குப் பின் ஒப்பந்தம் போடாமல் விட்டுவிட்டது. தோளில் அறுவை சிகிச்சை, பிறகு 2022-ல் டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் அணியின் அழைப்பு, பிறகு முழங்கையில் ஒரு அறுவை சிகிச்சை. இத்தனையும் தாண்டி 2024 செப்டம்பரில் அவர் தொழில்முறை முதல்தர ஆட்டத்தில் இறங்கினார்.

ஓரி விட்ட அம்பு, குறத்தி விட்ட கல்

இப்போது நம் மலைக்கு வருவோம். கடையெழு வள்ளல்களில் ஒருவன் வல்வில் ஓரி, கொல்லிமலை அரசன். வன்பரணர் புறநானூற்றில் பாடியது என்ன தெரியுமா? ஓரி விட்ட ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியைத் துளைத்து, மானை உருட்டி, காட்டுப்பன்றியைச் சாய்த்து, கடைசியில் புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைத்ததாம். ஒரு விடுப்பு, ஐந்து இலக்கு! செம்மேட்டில் ஓரிக்குச் சிலை இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் ஆடி மாதம் 17, 18-ல் அரசே வல்வில் ஓரி விழா எடுக்கிறது. அதில் வில்வித்தைப் போட்டியும் உண்டு. அரசனின் குறி தப்பாத கையை ஒரு மலையே வருடாவருடம் கொண்டாடுகிறது என்பது எவ்வளவு பெரிய விஷயம்!

ஓரி மட்டுமா? குறிஞ்சித் திணைப் பாடல்களைப் புரட்டுங்கள். தினைப்புனத்தில் பரண் மேல் நின்று, கவணில் கல் வைத்துச் சுழற்றிக் கிளியையும் யானையையும் விரட்டுகிறவள் யார்? பெண்! மலைநாட்டுப் பெண்ணின் கை எறியும் கை என்பதைச் சங்கப் புலவர்கள் சர்வ சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். கொல்லிமலையில் சாமையும் கேழ்வரகும் விளைகிற கொல்லைகளில் பறவையையும் பன்றியையும் விரட்டும் வேலை இன்றைக்கும் தீர்ந்தபாடில்லை.

எறிவது மனித இனத்துக்கே உரிய வித்தை என்பது தெரியுமா? சிம்பன்சி நம்மைவிடப் பலசாலி. ஆனால் அது எறியும் பொருளின் வேகம் மணிக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான். கல்லூரிப் பிட்சர்கள் 140-ஐச் சாதாரணமாகத் தொடுகிறார்கள். ஏன் இந்த வித்தியாசம்? நீல் ரோச், டேனியல் லீபர்மன் முதலான ஆய்வாளர்கள் கல்லூரி விளையாட்டு வீரர்களை, அதிலும் பேஸ்பால் ஆட்டக்காரர்களை, எறியச் சொல்லிக் கேமராக்களால் பதிவு செய்து ஆராய்ந்தார்கள். 2013-ல் ‘நேச்சர்’ இதழில் விடை வந்தது. கையைப் பின்னுக்கு இழுக்கும்போது தோளின் தசைநார்களும் இணைப்பு நார்களும் இழுபட்டு ஆற்றலைச் சேமித்து வைக்கின்றன. விடும்போது அது ஒரே வெடிப்பாக வெளிவருகிறது. வில்லின் நாணை இழுத்து விடுகிற அதே கணக்கு! மேல்கை சுழலும் அந்த வேகம் நொடிக்கு 9,000 டிகிரி வரை போகும். மனித உடம்பு செய்யும் அசைவுகளிலேயே மிக வேகமானது இதுதான். ஏறக்குறைய 20 லட்சம் ஆண்டுகளுக்கு முன், வேட்டையாடிய ஹோமோ எரெக்டஸ் மூதாதையரிடம் இந்தத் தோள் அமைப்பு முழுமையாகக் கைகூடியிருந்தது என்கிறார்கள்.

ஓரி கையில் வில் இருந்தது. குமார் ராக்கரின் தோளே வில்!

மலை மேல் ஆடினால் பந்து இன்னும் பறக்கும்!

70 கொண்டை ஊசி வளைவு ஏறி மேலே வந்தால், கடல் மட்டத்திலிருந்து 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் நிற்கிறோம். இங்கே காற்று சென்னையைவிட ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு லேசானது. காற்று லேசானால் பந்துக்குத் தடை குறையும். மெரினா பக்கம் 400 அடி பறக்கிற பந்தை இதே அடியில் செம்மேட்டில் அடித்தால், 15 அடிக்குக் குறையாமல் இன்னும் தள்ளிப் போய் விழும்! அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்து விமானப்படை அகாடமியின் மைதானம் 6,000 அடிக்கு மேல் இருக்கிறது. அங்கே ஆடப் போகிற பிட்சர்கள் பயந்துகொண்டுதான் போவார்கள். அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பந்து வளைவதே காற்றைப் பிடித்துத்தான். சுழலும் பந்து காற்றை ஒரு பக்கம் தள்ள, காற்று பந்தை மறுபக்கம் தள்ளுகிறது. காற்று லேசானால் வளைவும் குறைந்துபோகும். ஆக, மலை பேட்டருக்கு இரட்டை வரம் கொடுக்கிறது.

பந்தின் தையல்கூட ஆட்டத்தை மாற்றும் என்றால் நம்புவீர்களா? பேஸ்பால் பந்தில் சிவப்பு நூலால் கையால் போட்ட 108 இரட்டைத் தையல் உண்டு. கல்லூரி ஆட்டத்தில் 2011-ல் உலோக மட்டைக்குக் கடுமையான கட்டுப்பாடு வந்தது. ஹோம் ரன் சடாரென்று குறைந்தது. ரசிகர்கள் முகம் வாடியது. என்ன செய்தார்கள் தெரியுமா? மட்டையை விட்டுவிட்டுப் பந்தைத் தொட்டார்கள். 2015-ல் தையல் மேடு தாழ்வாக இருக்கும் பந்தைக் கொண்டுவந்தார்கள். சோதனைச் சாலையில் அந்தப் பந்து ஏறக்குறைய 20 அடி கூடுதலாகப் பறந்தது. நூல் மேடு துளி தாழ்ந்ததற்கு 20 அடி!

நம்ப முடியாத ஆட்டங்கள்

உலகின் முதல் கல்லூரி பேஸ்பால் ஆட்டம் 1859 ஜூலை 1-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிட்ஸ்ஃபீல்டு என்ற ஊரில் நடந்தது. ஆம்ஹெர்ஸ்ட் கல்லூரி, வில்லியம்ஸ் கல்லூரியை வென்றது. எவ்வளவில் தெரியுமா? 73–32! அணிக்கு 13 பேர் ஆடினார்கள். ஒவ்வொரு கல்லூரியும் தன் சொந்தப் பந்தைக் கொண்டுவந்திருந்தது. அதோடு விட்டார்களா? அடுத்து இரண்டு கல்லூரிகளும் சதுரங்கத்திலும் மோதின. அதிலும் ஆம்ஹெர்ஸ்ட்தான் ஜெயித்தது. உடம்புக்கு ஒரு போட்டி, புத்திக்கு ஒரு போட்டி. இந்த ஏற்பாட்டை இன்றைய கல்லூரிகளும் பின்பற்றினால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

1947-ல் முதல் காலேஜ் வேர்ல்ட் சீரிஸ் இறுதியில் கலிஃபோர்னியாவிடம் தோற்ற யேல் பல்கலைக்கழக அணியில் ஒரு மெலிந்த முதல் பேஸ்மேன் இருந்தார். மறு வருடமும் யேல் இறுதிக்கு வந்தது, மறுபடியும் தோற்றது. அந்த ஆண்டு கேப்டன் அவர். 41 ஆண்டு கழித்து அவர் அமெரிக்க ஜனாதிபதியானார். ஜார்ஜ் எச். டபிள்யூ. புஷ்!

2009 மே 30. டெக்சாஸ் பல்கலைக்கழகமும் பாஸ்டன் கல்லூரியும் ஆஸ்டினில் ஆடத் தொடங்கின. 9 இன்னிங்ஸில் முடிய வேண்டியது முடியவில்லை. 12, 15, 18, 20 என்று போய்க்கொண்டே இருந்தது. நள்ளிரவும் தாண்டியது. கடைசியில் 25-ஆவது இன்னிங்ஸில், 7 மணி நேரம் 3 நிமிடம் ஆடிய பிறகு டெக்சாஸ் 3–2 என வென்றது. கல்லூரி ஆட்ட வரலாற்றிலேயே மிக நீண்ட ஆட்டம் இதுதான். டெக்சாஸின் ஆஸ்டின் வுட் பாதியில் வந்து 13 இன்னிங்ஸ் எறிந்தார். அதில் முதல் 12 இன்னிங்ஸிலும் ஒரு ஹிட்கூட விடவில்லை. ஒரு மனிதரின் தோளிடம் அவ்வளவு கேட்கலாமா என்று இன்றைக்கும் வாதம் நடக்கிறது. கேட்கக் கூடாது என்பதே என் கட்சி.

1996 ஜூன் 8. குமார் சாதித்த அதே தேதி, 23 ஆண்டுகளுக்கு முன்! ஒமாஹாவில் இறுதி ஆட்டம். லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம் மயாமியிடம் 8–7 எனப் பின்தங்கி நிற்கிறது. கடைசி இன்னிங்ஸ், இரண்டு அவுட், மூன்றாம் பேஸில் ஒரு ஓட்டக்காரர். மட்டையோடு வந்தவர் வாரன் மாரிஸ். கை எலும்பு முறிந்து அந்தப் பருவத்தில் பாதி ஆட்டங்களைத் தவறவிட்டவர். அந்த ஆண்டு ஒரு ஹோம் ரன்கூட அடிக்காதவர். வந்த முதல் பந்தையே வேலி தாண்டி அனுப்பினார். 9–8. சாம்பியன்!

தோற்றவர்கள் கதை இதைவிட ஆச்சரியம். கால்டெக் கல்லூரியைத் தெரியும்தானே? நோபல் பரிசு விஞ்ஞானிகள் நிரம்பிய கலிஃபோர்னியா கல்வி நிலையம். அதன் பேஸ்பால் அணி 2003 முதல் 2013 வரை தொடர்ந்து 228 ஆட்டங்களில் தோற்றது! முதலாமாண்டில் சேர்ந்து நான்காம் ஆண்டு பட்டம் வாங்கிப் போன பிள்ளைகள், ஒரு வெற்றியைக்கூடப் பார்க்காமல் போனார்கள். ஆனாலும் ஒவ்வொரு பிப்ரவரியிலும் அணி களத்தில் இறங்கியது. 2013 பிப்ரவரி 2-ல் பசிஃபிக்கா கல்லூரியை 9–7 என்று வென்றபோது அந்தப் பிள்ளைகள் துள்ளிய துள்ளலுக்கு எந்தக் கோப்பை ஈடாகும்?

ஜப்பானில் டோக்கியோ பல்கலைக்கழகத்துக்கும் இதே விதி. அந்த நாட்டின் முதன்மைக் கல்வி நிலையம். 1925 முதல் நடக்கும் ஆறு பல்கலைக்கழக லீக்கில் அது ஆடுகிறது. 2010-ல் தொடங்கி 94 தோல்விகள் தொடர்ச்சியாக. 2015 மே மாதம் ஹோசெய் பல்கலைக்கழகத்தை 6–4 என வென்றுதான் மூச்சு விட்டது. அந்த லீக்கின் வசேதா, கெயோ அணிகள் 1903-லேயே மோதத் தொடங்கிவிட்டன. மாணவர்களின் ஆவேசம் அளவு கடந்து போனதால் 1906-ல் ஆட்டத்தையே நிறுத்தினார்கள். மறுபடி மோத 1925 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1943 அக்டோபரில், மாணவர்களைப் போர்முனைக்கு அனுப்பும் முன், இரண்டு அணிகளும் ஒரு கடைசி ஆட்டம் ஆடின. அன்று ஆடியவர்களில் திரும்பி வராதவர்களும் உண்டு.

வலது கை இல்லாமல் பிறந்த பிட்சரைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? ஜிம் அபட், மிச்சிகன் பல்கலைக்கழகம். கையுறையை வலது முன்கையின் நுனியில் தொங்கவிட்டுக்கொண்டு இடது கையால் எறிவார். எறிந்த நொடியே அந்த இடது கையைக் கையுறைக்குள் நுழைத்து, திரும்பி வரும் பந்தைப் பிடிக்கத் தயாராகிவிடுவார். 1988 சியோல் ஒலிம்பிக்கில், பேஸ்பால் காட்சி விளையாட்டாக இருந்தபோது, இறுதி ஆட்டத்தை வென்று கொடுத்தது அவர்தான். 1993 செப்டம்பர் 4-ல் நியூயார்க் யாங்கீஸுக்காக ஒரு ஹிட்கூட விடாத முழு ஆட்டத்தை எறிந்தார்!

பெண்கள்? 2023 மார்ச் 17-ல் பிரவுன் பல்கலைக்கழகத்தின் ஒலிவியா பிச்சார்டோ மட்டையோடு களமிறங்கினார். முதல் பிரிவுக் கல்லூரி ஆண்கள் பேஸ்பால் ஆட்டத்தில் ஆடிய முதல் பெண். கவண் சுழற்றிய குறிஞ்சிப் பெண்ணின் பேத்திகளே, கேட்டீர்களா?

இந்தியக் கைகள்

2008-ல் இந்தியா முழுக்க ‘மில்லியன் டாலர் ஆர்ம்’ என்று ஒரு எறியும் போட்டி நடந்தது. ஆயிரக்கணக்கான பேர் வந்தார்கள். முன்னுக்கு வந்த ரிங்கு சிங், தினேஷ் படேல் இருவரும் உத்தரப் பிரதேசத்து ஈட்டி எறிதல் வீரர்கள். பேஸ்பால் என்றால் என்ன என்றே தெரியாது. அவர்கள் எங்கே போய்ப் பயிற்சி எடுத்தார்கள் தெரியுமா? ஒரு கல்லூரியில்! காலேஜ் வேர்ல்ட் சீரிஸை 12 முறை வென்று, வேறு எவரும் நெருங்காத சாதனையோடு நிற்கும் தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகம். பயிற்சியாளர் டாம் ஹவுஸ். அந்த ஆண்டு முடிவதற்குள் பிட்ஸ்பர்க் பைரட்ஸ் இருவரையும் ஒப்பந்தம் செய்தது. அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பால் ஒப்பந்தம் பெற்ற முதல் இந்தியர்கள்! 2014-ல் இது டிஸ்னி படமானது. இசை யார்? நம் ஏ.ஆர். ரஹ்மான்.

ஈட்டி எறிகிற கை பேஸ்பாலுக்குப் போனது என்றால், கவண் எறிந்த மலையின் கை ஏன் போகக் கூடாது? பாதை இல்லாமல் இல்லை. இந்தியப் பல்கலைக்கழகங்கள் சங்கம் நடத்தும் அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டிகளில் பேஸ்பால் இருக்கிறது, ஆண்களுக்கும் பெண்களுக்கும். நாமக்கல் மாவட்டக் கல்லூரிகள் இணைந்திருப்பது சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தோடு. மலையிலிருந்து சேந்தமங்கலத்துக்கோ ராசிபுரத்துக்கோ நாமக்கல்லுக்கோ படிக்க இறங்குகிற பிள்ளை, கல்லூரி அணி, பல்கலைக்கழக அணி, அகில இந்தியப் போட்டி என்று படிப்படியாகப் போகலாம். அது மட்டுமா? 2020-ல் மத்திய அரசு வேலைக்கான விளையாட்டு ஒதுக்கீட்டுப் பட்டியலை 43-லிருந்து 63 ஆட்டங்களாக விரித்தபோது, புதிதாகச் சேர்ந்தவற்றில் பேஸ்பாலும் ஒன்று. மலையில் ஒரு குடும்பத்துக்கு அரசு வேலை என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் கிரிக்கெட்டும் பேஸ்பாலும் சேர்ந்தே வருகின்றன.

கொல்லிமலையில் சமதளம் எங்கே இருக்கிறது, 400 அடி மைதானத்துக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் ஒரு பிட்சர் உருவாக மைதானமே வேண்டாம். 60 அடி 6 அங்குலம் நீளத்துக்கு ஒரு துண்டு நிலம், ஒரு பந்து, பிடிக்க ஒரு கையுறை, ஒரு தோழன் போதும். முழு ஆட்டமே ஆட வேண்டுமா? அதற்கும் வழி வந்துவிட்டது. ‘பேஸ்பால் 5’ என்று ஒரு ஆட்டம் இருக்கிறது, தெரியுமா? மட்டை கிடையாது, கையுறை கிடையாது. ரப்பர் பந்தைக் கையால் அடித்துவிட்டு ஓட வேண்டும். அணிக்கு ஐந்து பேர், ஆண்களும் பெண்களும் கலந்து. 5 இன்னிங்ஸ். இடம் 21 மீட்டர் சதுரம் போதும். மலைப் பள்ளி எதன் முற்றத்திலும் அடங்கிவிடும். 2026-ல் செனகல் நாட்டு டக்கார் இளையோர் ஒலிம்பிக்கில் இது பதக்க ஆட்டம்!

ஒரே ஒரு எச்சரிக்கை. உற்சாகத்தில் பிள்ளைகளை மணிக்கணக்கில் எறிய விட்டுவிடாதீர்கள். முழங்கையின் உட்பக்கத்து நார் அறுந்துபோவது பிட்சர்களுக்கு வருகிற பெரிய கேடு. 1974-ல் டாக்டர் ஃபிராங்க் ஜோப், டாமி ஜான் என்ற பிட்சருக்கு முதன்முதலாக அந்த நாரை மாற்றி வைத்தார். இன்று அந்த அறுவை சிகிச்சைக்கே டாமி ஜான் என்றுதான் பெயர். அமெரிக்காவில் சிறுவர் லீக்குகளில் வயதுக்கு ஏற்ப ஒரு நாளைக்கு இத்தனை பந்துதான் என்று எண்ணி நிறுத்திவிடுகிறார்கள். எறிந்த கைக்கு ஓய்வு நாளும் கட்டாயம். இந்த இரண்டையும் முதல் நாளே எழுதி வைத்துக்கொண்டு தொடங்க வேண்டும்.

விழா ஏற்பாட்டாளர்களுக்கும், மலையிலும் அடிவாரத்திலும் உள்ள பள்ளி கல்லூரிகளின் உடற்கல்வி ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வரும் ஆடி 17-ல் செம்மேட்டில் வில்வித்தைப் போட்டி நடக்கும்போது, பக்கத்திலேயே 60 அடி 6 அங்குலம் அளந்து ஒரு கோடு போடுங்கள். அந்தப் பக்கம் ஒரு இலக்கு வையுங்கள். ஆளுக்கு ஐந்து பந்து கொடுங்கள். பெண் பிள்ளைகளை முதல் வரிசையில் நிறுத்துங்கள். எவர் குறி அதிகம் விழுகிறதோ அவர் பெயரைக் குறித்துக்கொண்டு, அடுத்த நாளே பயிற்சியைத் தொடங்கிவிடுங்கள்.